பத்து மணி, அறுபது அடி

வீடு அவளுக்கு. பிக்கப் வண்டி எனக்கு.
நாய் யாரையும் கேட்காமல் அவளோடு போயிற்று.
படகை மட்டும் நீதிபதியால் அறுக்க முடியவில்லை:
இருபத்திரண்டு அடி,
பத்தொன்பது மாதத் தவணை இன்னும் பாக்கி.
ஒரு வாரம் வெர்டெல், மறுவாரம் நான்
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மே மாதத்தைப் பற்றி அந்தத் தாளுக்கு ஒன்றும் தெரியாது.

மே மாதத்தில் ஜெக்கில் தீவுக்கு வெளியே
தண்ணீர் எழுபத்துநான்கு டிகிரியைத் தொட்டதும்
மூவால்மீன் மேலே வந்து படுக்கும்.
ஒருக்களித்து,
ஒரு கண் வானத்தில், ஒரு கண் ஆழத்தில்,
யாரோ வீசிப்போன தட்டைப்போல.
துடுப்புகூட அசையாது.
நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்,
முதல் நொடியில் செத்துவிட்டது என்றுதான் இன்றும் நினைப்பேன்.

அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.
அணியத்தில் தூண்டிலோடு ஒருவர்,
சுக்கானில், உயரத்தில், வெறும் கண்ணோடு ஒருவர்.
தனியே போய்ப் பார்த்தோம், ஆளுக்கு ஒரு வாரம்.
அவள் நான்கு மீனை மிரட்டி அனுப்பினாள்.
நான் மிதவையொன்றின்மேல் ஏறி
விசிறியில் கயிறு சுற்றி
நண்டுக்காரனிடம் வசவு வாங்கினேன்.
ஞாயிறு இரவு குறுஞ்செய்தி வந்தது:
நாளை ஐந்தரை. இறால் நான் வாங்குகிறேன்.
நலமா என்று ஒரு சொல் இல்லை.

கொண்டல் இரவோடு தணிந்திருந்தது.
கடல் பழைய தகரம்போல லேசான நெளிவோடு.
நண்டுக்கூட்டு மிதவைகள் வரிசையாக;
ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தேன்.

எங்களிடம் மிச்சமிருந்த மொழி கடிகாரம்.
பன்னிரண்டு என்றால் நேர் முன்னே.
மூன்று வலது, ஒன்பது இடது.
"இரண்டு மணி, நூறு அடி."
பாலிதீன் பை.
"பதினொன்று, கிட்டே."
ஜெல்லிமீன்.
"ஒரு மணி."
வெள்ளிநிறப் பலூன், பாதிக் காற்றோடு,
பட்டம் வாங்கிய யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டே
பள்ளிக்கூட மைதானத்திலிருந்து இத்தனை தூரம் வந்திருந்தது.
வெர்டெல் கொக்கியால் இழுத்து, மிதித்துக் காற்றைப் போக்கி
ஐஸ் பெட்டிக்கடியில் செருகினாள்.
சிரித்தாளா, தெரியாது.
எனக்குத் தெரிந்தது தொப்பியின் பின்பக்கம்.

எட்டேகால் இருக்கும், இது கையில் கட்டிய மணி,
பச்சை மிதவைக்குப் பக்கத்தில்
பழுப்பாய் ஒரு நிழல்,
விழச்செய்யும் பொருள் எதுவும் மேலே இல்லாமல்.
"பத்து மணி, அறுபது அடி."
யாரோ தூங்கும் அறையில் பேசுவதுபோல்
என் குரல் இறங்கியிருந்தது.

அவள் வீசியது மீனின்மேல் அல்ல.
நீரோட்டத்தின் மேல்பக்கம், இரண்டு பாகம் தள்ளி;
இறாலைத் தண்ணீரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று.
எதையும் அவள் அப்படித்தான் கேட்பாள்.
எனக்கு அது புரிய வருடக்கணக்காயிற்று.

நிழல் நிமிர்ந்தது.
மெல்ல அமிழ்ந்தது.
தக்கையைக் காணோம்.

மீன் மிதவைக் கயிற்றுக்கு ஓடிற்று, படகை விலக்கினேன்.
படகுக்கடியில் போயிற்று, எஞ்சினைத் தூக்கினேன்.
தூண்டிலை என் தலைக்குமேல் தாண்டவிட்டு
என் முழங்கையின்கீழ் குனிந்து மறுபக்கம் வந்தாள்.
மூன்று மாதத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.
"ஆறு மணி! ஆறு மணி!"
அது நான் நிற்கும் இடம்.

அளவுப்பலகையில் கிடத்தினோம்.
சட்டம் பதினெட்டு அங்குலம்.
மீன் பதினேழே முக்கால்.
வாலைச் சேர்த்துப் பிடித்தால் பதினெட்டைத் தொட்டுவிடும்;
கூலிக்குப் படகேறும் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.
நான் கேட்கவில்லை.
அவளும் பிடித்துப் பார்க்கவில்லை.

தண்ணீரில் விட்டாள். கையை எடுத்தாள்.
மீன் ஒருக்களித்துப் படுத்தது.
ஒரு கண் எங்கள்மேல்.
துடுப்பு அசையவில்லை.

செத்துவிட்டதா, வழக்கம்போல் கிடக்கிறதா?
வெர்டெல் விளிம்பில் முழங்காலிட்டுப் பார்த்தாள்.
நானும் இறங்கி வந்து பார்த்தேன்.
எஞ்சினைப் போடு என்று அவள் சொல்லவில்லை.
நீர்வற்றம் அதையும் எங்களையும்
ஒரே வேகத்தில் வெளியே கொண்டுபோயிற்று.